தட்டிலா, எலியிலா, மனிதரிலா என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூலிகைச் சாறு புற்றுநோய் செல்களை அழித்ததாக உங்கள் நாளிதழில் வந்த செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அக்கா வந்தார். மார்பகப் புற்றுநோய்க்கு நான்கு கீமோ முடிந்திருக்கிறது அவருக்கு. "இதைக் குடிச்சாப் போதும்னா மிச்சத்தை நிறுத்திடலாமாம்மா?" என்று கேட்டார். செய்தியை இரண்டு தடவை படித்தேன். எங்கே அழித்தது என்று ஒரு வரிகூட இல்லை.

செல் வளர்க்கும் ஆய்வகத்தில்தான் எனக்கு வேலை. பிளாஸ்டிக் தட்டின் அடியில் செல்கள் ஒரே அடுக்காக ஒட்டி வளரும். அவை எப்படி நகர்கின்றன என்று பார்க்க, தட்டு நிறைந்ததும் பிப்பெட் எனும் திரவம் உறிஞ்சும் குழாயின் முனையால் நடுவில் ஒரு கோடு கிழிப்போம், உடனே ஒரு படம், 24 மணி நேரம் கழித்து இன்னொரு படம், அதற்குள் இரண்டு கரையிலிருந்தும் செல்கள் வெற்றிடத்துக்குள் வந்திருக்கும். மருந்து விட்ட தட்டில் கோடு மூடவில்லை என்றால், செல் நகரவில்லையா, பெருகவில்லையா, செத்தே போய்விட்டதா என்று அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அளவு கூடினால் சாதாரண உப்புகூட அவற்றைக் கொன்றுவிடும்.

உடம்பில் கட்டி இப்படித் தட்டையாகக் கிடப்பதில்லை. செல்களை உருண்டையாகத் திரளவிட்டு வளர்த்தாலே கதை மாறிவிடுகிறது. அரை மில்லிமீட்டர் தாண்டியதும் நடுவில் ஆக்சிஜன் எட்டாமல் செல்கள் சாகத் தொடங்கும், தட்டில் நன்றாக வேலை செய்த மருந்து உள்ளே போகவே திணறும். அப்புறம் எலியில் சோதனை, அதற்கும் அப்புறம்தான் மனிதர்களில்.

செல்லின் அடையாளமே தவறியதும் உண்டு. எம்டிஏ-எம்பி-435 என்ற செல்லை மார்பகப் புற்றுநோய் செல் என்று நம்பி, அது பரவும் விதத்தைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். 2000இல் சந்தேகம் எழுந்து, கடைசியில் அது மெலனோமா எனும் தோல் புற்றுநோய் செல் என்று தெரிந்தது.

தட்டு வேலை வீண் என்று நான் சொல்லவில்லை. 1970இல் டெட்ராய்ட்டில் ஒரு கன்னியாஸ்திரியிடமிருந்து எடுத்த எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்களை வைத்துத்தான், ஈஸ்ட்ரஜன் எனும் பெண் ஹார்மோனைத் தடுக்கும் மருந்துகளைப் பற்றி நிறையக் கற்றுக்கொண்டோம். அந்த அம்மாவை நினைக்காமல் நான் தட்டைத் தொட்டதில்லை.

டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன், வியாழக்கிழமை ஐந்தாவது கீமோவுக்கு நானும் கூடப் போகிறேன். நீங்கள் ஒன்று செய்யுங்கள்: இனி இப்படிச் செய்தி போட்டால், தட்டிலா, எலியிலா, மனிதரிலா என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வக உதவியாளர் ஒருவர்