பாப்பாவுக்குப் பாக்கி இருக்கிற இரண்டு அத்தியாயம்

அன்புள்ள மீனாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது. போனில் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பாப்பாவுக்குப் பள்ளியில் கொடுத்த 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' நாவலை நானும் வாங்கி முடித்துவிட்டேன். மில்ட்ரெட் டெய்லர் 1976இல் எழுதியது. மறுவருஷமே நியூபெரி பதக்கம், அமெரிக்காவில் பிள்ளைகளுக்கான புத்தகத்துக்குக் கொடுக்கிற பரிசு. கதை 1933இல், அமெரிக்காவின் மிசிசிப்பியில் தொடங்குகிறது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, பஸ். கறுப்பினத்து லோகன் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரும் நடந்து போக, அந்த பஸ் வேண்டுமென்றே சேற்றை வாரியடித்துவிட்டுப் போகும். அந்தக் கட்டத்தைப் போனில் எனக்குப் படித்துக் காட்டும்போதுதான் பாப்பா சட்டென்று நிறுத்தி ஏதோ சொல்ல வந்தாள். நீ போனை வாங்கிக்கொண்டாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

கடைக்குட்டி லிட்டில் மேனுக்கு ஆறு வயசு. அழுக்கென்றாலே ஆகாது. முதல் பாடப்புத்தகம் கைக்கு வருகிறது, அழுக்கும் கிழிசலுமாக. அட்டைக்கு உள்பக்கம் ஒரு அட்டவணை: பதினொரு முறை வெள்ளைப் பிள்ளைகளிடம் போய், நிலைமை 'மிக மோசம்' என்று ஆனபிறகு, 12வது வரியில் இவர்களுக்கு, அதுவும் இழிசொல்லோடு. பையன் அதைத் தரையில் போட்டு மிதிக்கிறான். டீச்சரிடம் அடி விழுகிறது. அதே பள்ளியில் வேலை பார்க்கும் அவன் அம்மா மேரி அவனைத் திட்டவில்லை. தாளை அளவாக வெட்டி, பசை தடவி, அந்த அட்டவணையின் மேல் ஒட்டுகிறாள். நானும் முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்தவள், மீனா. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

அப்புறம் அவன் அக்கா, ஒன்பது வயசு கேசி. வெள்ளைக்காரப் பெண் மேல் இடித்துவிட்டாள் என்று நடுத்தெருவில் மன்னிப்புக் கேட்க வைக்கிறார்கள். பாட்டியே கேட்கச் சொல்கிறாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். எதிர்த்தால் ஆளையே கொளுத்துகிற ஊர் அது. ஆனால் அன்று ராத்திரி மேரி, மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அடிமை வியாபாரத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்கிறாள். பிள்ளைக்குப் புரியாது, வேண்டாம் என்று விடவில்லை.

நீ இருக்கிற ஊரும் காலமும் வேறு, தெரியும். போய்ச் சண்டை போடு என்றும் சொல்லவில்லை. பாப்பாவைப் பேச விடு, அவ்வளவுதான். எட்டாவதில் அந்தத் தண்ணீர்ப் பானை விஷயத்துக்காக நீ ஹெட்மாஸ்டர் அறை வரைக்கும் போனதை அப்பா இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தப் பெண்ணா இப்போது பிள்ளையைச் "சும்மா இரு" என்று அடக்குகிறாய்? மனசு ஆறவில்லை எனக்கு. மாப்பிள்ளை வேலைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயந்தால் அதையும் அவளிடமே சொல். காரணம் சொல்லாமல் வாயை மட்டும் மூடாதே.

வடகமும் நாரத்தங்காயும் வசந்தா மகனிடம் கொடுத்திருக்கிறேன், வந்ததும் பிரித்து வெயிலில் வை.

பாப்பாவுக்கு இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி. அந்த இரண்டும் கொஞ்சம் கடுமை: ஒரு பையனைத் தூக்கில் போடத் துணிந்து கூட்டம் வரும், அதைத் திசைதிருப்ப கேசியின் அப்பா தன் பருத்திக்குத் தானே தீ வைப்பார். அவளைத் தனியாகப் படிக்க விடாதே. கூடவே உட்கார். அவள் எதையாவது சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாதே.

சனிக்கிழமை கூப்பிடு. போனை முதலில் அவளிடம் கொடு, நீ அப்புறம் பேசு.

அன்புடன்,
அம்மா