கைத்துணி விற்பனைச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிக்க இருப்பதால் அதற்குள் நான் போகவில்லை. கொள்முதல், தரம், விலை, பார்சல் இவற்றில் நடந்ததையும், மாற்ற வேண்டியதையும் மட்டும் சொல்கிறேன்.

குவாத்தமாலாவின் மேற்கு மலைப்பகுதியில், அட்டிட்லான் ஏரிக்கரை ஊர்களில் ட்சுதுஹில், கக்சிகேல் மொழிகள் பேசும் மாயா பெண்களின் கூட்டுறவுக் குழுவிடமிருந்தே இந்த ஆண்டும் வாங்கினோம். வந்த புகார்களில் பாதிக்கு மேல் மெத்தணை (குஷன்) உறைகளைப் பற்றியவை. 50 செ.மீ. சதுர உறை கேட்டிருந்தோம். வந்தவற்றில் நடுவே மேலிருந்து கீழாக ஒரு தையல் ஓடியது. "ஒட்டுப்போட்ட துணியா?" என்று வாங்கியவர்கள் கேட்டார்கள்.

தவறு நம்முடையது. அவர்கள் நெய்வது இடுப்புத் தறியில். அதற்குச் சட்டம் கிடையாது. சில கோல்களும் கயிறும்தான். பாவின் (நீளவாட்டு இழைகளின்) ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டி, மறு முனையை இடுப்பைச் சுற்றிய பட்டையில் மாட்டி, மண்டியிட்டு உட்காருகிறார்கள். பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் குனிந்தால் தளரும். ஊடையை (குறுக்கு இழையை) இரு கைகளுக்கு இடையே கடத்த வேண்டியிருப்பதால், கை வசதியாக எட்டுகிற அளவுதான் துணியின் அகலம். இந்தக் குழுவில் அது 35 முதல் 40 செ.மீ. அதற்கு மேல் கேட்டால் இரண்டு துண்டு நெய்து இணைப்பார்கள். அவர்களுடைய மேற்சட்டையான 'விபீல்' கூட இரண்டு அல்லது மூன்று துண்டுகளை இணைத்துத் தைப்பதுதான். அந்த இணைப்பின் மேல் வண்ண நூலால் போடும் 'ராண்டா' தையலைத்தான் நாம் ஒட்டு என்று நினைத்துவிட்டோம்.

இணைப்பில்லாத அகலத் துணி வேண்டுமென்றால் மிதிதறித் துணி கிடைக்கும். ஸ்பானியர்கள் கொண்டுவந்த அந்தத் தறியில் பெரும்பாலும் ஆண்களே நெய்கிறார்கள். பாவாடையாகச் சுற்றும் 'கோர்தே' துணி அதில் வருவதுதான். துணி மோசமில்லை. ஆனால் நாம் அட்டையில் அச்சிட்டிருக்கும் "பெண்கள் இடுப்புத் தறியில் நெய்தது" என்ற வரி அதற்குப் பொருந்தாது. எனவே அடுத்த ஆண்டு 35 செ.மீ. உறையாகக் கேட்கலாம், அல்லது 50 செ.மீ. உறையை ராண்டாவோடு ஏற்று அட்டையில் அதை விளக்கலாம். என் விருப்பம் இரண்டாவது.

தறிக்கு விறைப்பைத் தருவது உடம்பு. ஆகவே ஒரே துணியிலேயே அகலம் சற்றுக் கூடிக் குறையும். மேசை விரிப்பில் 1 செ.மீ. வரை வித்தியாசத்தை ஏற்கிறோம். அதற்கு மேல் போனால் திருப்பி அனுப்புவதில்லை. படம் எடுத்துக் குழுவுக்குத் தெரிவிக்கிறோம். நெசவு முடியும் இடத்தில் நான்கு விரல் அகலத்துக்கு இழை சீரில்லாமல் இருப்பது குறையே அல்ல. பாவின் இரு முனைகளும் நெருங்கும்போது ஊடையை அடிக்கும் பலகை உள்ளே நுழையாது. ஊசியால் கோத்துத்தான் முடிக்க வேண்டும். நான்கு பக்கமும் வெட்டாத கரை அப்படித்தான் கிடைக்கிறது. விற்பனை மேசையில் நிற்பவர்கள் அந்த இடத்தை மடித்து மறைக்க வேண்டாம், காட்டுங்கள்.

சாயம் இறங்கியது இரண்டாவது தொல்லை. சிவப்பும் கறுப்பும் வெள்ளைப் பாவில் கசிந்தன. உப்பு, வினிகர் போட்டால் சாயம் நிற்கும் என்று நம் உறுப்பினர்களே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆலைச் சாயம் ஏறிய நூலில் அது பலிக்காது. இனிமேல் ஒவ்வொரு கட்டிலும் ஒரு துணியை எடுத்து, நனைத்த வெள்ளைத் துணியால் அடர் நிறங்களில் பத்து முறை தேய்த்துப் பார்க்க வேண்டும். கறை பிடித்தால் அந்தக் கட்டு முழுவதையும் குளிர்ந்த நீரில், தண்ணீர் தெளியும் வரை அலசி, ஈரத்தோடு மடித்து வைக்காமல் உடனே நிழலில் விரிக்க வேண்டும்.

எல்லா அட்டையிலும் "இயற்கைச் சாயம்" என்று போட்டது பொய்யான விளம்பரமாகிவிட்டது. சான் ஹுவான் லா லகூனா பக்கத்துத் துணிகள் மட்டும் அப்படி: கொச்சினீல் பூச்சியில் சிவப்பு, சாக்காடிண்டா இலையில் நீலம், ஜாப்ரா (அன்னாட்டோ) விதையில் ஆரஞ்சு, தேங்காய் மட்டையில் பழுப்பு. மற்றவை கடையில் வாங்கிய சாய நூல். இயற்கைச் சாயத்துக்குக் காரம் ஆகாது. சலவைத்தூளில் கொச்சினீல் சிவப்பு ஊதாவுக்குப் போய்விடும். ஒரு பானையில் தோய்த்த நிறம் மறு பானையில் அப்படியே வராது என்பதால், ஜோடியாக விற்பவற்றுக்கு நூல் முழுவதையும் ஒரே தோய்ப்பில் எடுக்கும்படி முன்பே எழுதிவிட வேண்டும்.

விலை. ஒரு கழுத்துத் துண்டை எடுத்துக்காட்டாகப் போடுகிறேன். நூல் 60 கெட்சால் (குவாத்தமாலா நாணயம்). நெய்ய 15 மணி நேரம் என்றுதான் முதலில் கணக்கு வந்தது. பாவு ஓட்ட 3, விழுது (பாவு இழைகளைத் தூக்கும் நூல் கண்ணிகள்) கட்ட 2, குஞ்சம் முறுக்க 2 மணி நேரம் அதில் விட்டுப்போயிருந்தது. மொத்தம் 22 மணி, மணிக்கு 15 கெட்சால் என்றால் கூலி 330. நூலோடு சேர்த்து 390. குழுவின் பங்கு பத்து சதவீதம் 39. ஆக 429. விட்டுப்போன 7 மணி நேரத்தைச் சேர்க்காத விலை, எவ்வளவு அழகான அட்டை கட்டினாலும் நியாய விலை ஆகாது. ஆர்டரோடு பாதித் தொகையை வட்டியில்லாமல் முன்பணமாகத் தருகிறோம். கேட்டால் குறைந்தது பாதி தர வேண்டும் என்பது உலக நியாய வணிக அமைப்பின் விதி. நூல் வாங்கவே அந்தப் பணம் வேண்டும், இல்லையென்றால் கடன்தான்.

விபீல் வடிவங்களை அச்சடித்த ஆலைத் துணி பாதி விலைக்கும் கீழே வருகிறது. திருப்பிப் பாருங்கள்: அச்சு என்றால் பின்பக்கம் வெளிறியிருக்கும், நெய்த பூ வேலையில் நூல் ஓட்டம் தெரியும். சான் அந்தோனியோ அகுவாஸ் காலியெந்தேஸ் ஊரின் வேலையில் இரு பக்கமும் ஒரே பூ தெரிவதுண்டு. இந்தத் திருட்டை எதிர்த்து மாயா நெசவாளர்கள் 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் போனார்கள். கூட்டு அறிவுச் சொத்துக்குச் சட்டம் இயற்றும்படி 2017இல் நீதிமன்றம் நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது.

ஒரு பார்சல் சுங்கத்தில் தங்கியது, பட்டியலில் "கைவினைப் பொருட்கள்" என்று மட்டும் இருந்ததால். கழுத்துத் துண்டு, சால்வைக்கு 6214, மெத்தணை உறைக்கு 6304, பைக்கு 4202 என்று சுங்க வகைப்பாட்டுத் தலைப்பு எண்ணும், இழை வகையும், எண்ணிக்கையும் தனித்தனியாக எழுதினால் அந்தக் கேள்வியே வராது.

டிசம்பர் விற்பனைக்கு ஆகஸ்டில் ஆர்டர் கொடுத்ததும் நம் தவறுதான். மே முதல் அக்டோபர் வரை அங்கே மழை, தோய்த்த நூல் காயாது. நவம்பரில் சோளமும் காப்பியும் அறுவடைக்கு வந்துவிடும், தறி மூலைக்குப் போகும். அடுத்த ஆர்டர் பிப்ரவரி முடிவதற்குள் போக வேண்டும்.

பொதுக்குழு இன்று முடிவெடுக்க வேண்டியவை இரண்டு: ராண்டா உறையைத் தொடர்வதா என்பதும், பழைய விபீல்களை வெட்டித் தைத்த பைகளை வாங்குவதா என்பதும். பைகள் நன்றாக விற்கும். ஆனால் அதில் கூலி தைத்தவருக்குப் போகிறது; மாதக்கணக்கில் நெய்தவரிடம் அந்த விபீலை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று இதுவரை எந்த வியாபாரியும் நமக்கு எழுதித் தரவில்லை.

செயலாளர்