ஒரு கண் வெள்ளை, ஒரு கண் மஞ்சள்

அன்புள்ள கண்ணு,

"காருக்கு ஒரு கண் வெள்ளை, ஒரு கண் மஞ்சள், என்னப்பா பண்ணி வச்சீங்க?" என்று ஓசூர் போய்ச் சேர்ந்ததும் கேட்டாயே. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

போன தடவை ராத்திரி நீ வாசலில் வந்து நின்றபோதுதான் பார்த்தேன். காரின் ஹெட்லைட் எரிகிறது, தரையில் வெளிச்சமே விழவில்லை. இதை வைத்துக்கொண்டா தொப்பூர் இறக்கத்தில் வந்தாய் என்று அடிவயிறு கலங்கிவிட்டது. உன் அம்மாவிடம் சொல்லவில்லை.

நம்ம பழைய அம்பாசிடரில் ஹெட்லைட்டுக்கு மூடியாக இருந்தது நிஜக் கண்ணாடி. கல் பட்டால் உடையும், ஆனால் மஞ்சளாகாது. இப்போது வருவது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயில் தாங்க மேலே ஒரு பூச்சு போட்டுத்தான் கம்பெனியில் அனுப்புகிறார்கள். உன் வண்டி நாள் முழுக்க ஆபீஸ் வாசல் வெயிலில் கிடக்கிறது. பூச்சு போய்விட்டது, பிளாஸ்டிக் மஞ்சளாக மங்கிப் பூத்துவிட்டது.

முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். நனைந்ததும் பளிச்சென்று தெரிந்தது, அதனால் கோளாறு வெளிப்பக்கம்தான். உள்ளே பூத்திருந்தால் மேலே எவ்வளவு தேய்த்தாலும் வீண்.

சுற்றிலும் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டிவிட்டு, 800 நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாளை, நனைத்துத் தேய்த்தேன். மஞ்சள் கரைத்த மாதிரி பால் வழிந்தது. அது வெள்ளையாக வழிகிற வரைக்கும் விடக்கூடாது. பிறகு 1200, அப்புறம் 2000. ஒவ்வொரு நம்பருக்கும் கை போகிற திசையை மாற்று. முந்தைய கீறல் போயிற்றா என்று அப்போதுதான் தெரியும். முடித்ததும் பாத்ரூம் ஜன்னல் மாதிரி மங்கலாக நிற்கும். பயந்துவிடாதே, நான் பயந்தேன்.

இடதுபக்கம் தேய்த்து முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. அப்படியே பட்டறைக்கு ஓட்டிப் போய், பெயிண்டரிடம் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பூச்சு, அடிக்கச் சொன்னேன். முதல் கோட் விழுந்ததுமே உள்ளே பல்பு தெரிந்தது. நீ விடிகாலையிலேயே கிளம்பிவிட்டதால் வலதுபக்கம் நின்றுபோனது.

அதை நீ செய்துவிடு. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். மூன்று வருஷம் முன்னால் என் வண்டிக்கு நானும் தேய்த்தேன். இரண்டு மாதம் மினுக்கியது, சித்திரை வெயிலில் பழையபடி மஞ்சள். தேய்ப்பது பாதி வேலைதான். மேலே வெயிலைத் தடுக்கும் பூச்சு ஏறாவிட்டால் திரும்பவும் பூக்கும். கொசு மருந்து தடவினால் பளபளக்கும் என்பதையும் கேட்காதே, அது பிளாஸ்டிக்கையே அரிக்கும்.

கிளியர் கோட்டை மட்டும் நீ அடிக்க வேண்டாம். பூச்சு இறுகுவதற்கு ஹார்ட்னர் என்ற மருந்தைக் கலப்பார்கள், அந்தப் புகை மூச்சில் போகக்கூடாது. பட்டறையில் மாஸ்க் போட்டு அடிப்பார்கள். அடித்த பிறகு நாலைந்து நாள் வண்டியைக் கழுவாதே.

பெரிய பல்பு மாற்றவா என்று கேட்டாயே, வேண்டவே வேண்டாம். ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55 வாட் என்று வைத்த ஹோல்டரில் 100 வாட்டைச் சொருகினால் வயர் உருகும். பூத்த பிளாஸ்டிக்கில் வெளிச்சம் சிதறி எதிரில் வருகிறவன் கண்ணில்தான் அடிக்கும், ரோட்டில் விழாது.

மிச்ச பேப்பரும் டேப்பும் டிக்கியில் மஞ்சப் பையில் இருக்கிறது. அதே பையில் அம்மா முறுக்கு டப்பாவையும் வைத்துவிட்டாள், முதலில் அதை எடுத்துவிடு. வலதுபக்கம் முடிகிற வரைக்கும் பகலிலேயே கிளம்பி வா கண்ணு.

அன்புடன்,
அப்பா