டிப்ரஷன் வேறு, மன அழுத்தம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

நமது தமிழ்ப் பத்திரிகைகளின் உடல்நலப் பக்கங்களில் ‘டிப்ரஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒரு நாள் ‘மன அழுத்தம்’ என்றும் மறுநாள் ‘மனச்சோர்வு’ என்றும் எழுதுவதை நெடுநாளாகக் கவனித்து வருகிறேன். ஒரே கட்டுரைக்குள் இரண்டும் மாறி மாறி வருவதும் உண்டு. வைத்தியரிடம் காட்ட வேண்டிய விடயமா, ஓய்வெடுத்தால் போதுமா என்பதைப் பல வீடுகளில் இந்தச் சொல்லைக் கொண்டே தீர்மானிக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

‘மன அழுத்தம்’ என்றதும் நம்மவருக்கு நினைவுக்கு வருவது ஸ்ட்ரெஸ்தான். பிள்ளையின் பரீட்சை, வங்கிக் கடன், கந்தோரில் குவிந்து கிடக்கும் வேலை என்று அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் விலகினால் பாரமும் பெரும்பாலும் குறைந்துவிடும். டிப்ரஷன் என்று வைத்தியர்கள் சொல்வது ஒரு நோயை. குறைந்தது இரண்டு வாரங்களுக்கு, ஏறத்தாழ ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதியில் மனம் தாழ்ந்து கிடப்பதோ, முன்பு விரும்பிச் செய்த எதிலும் நாட்டமில்லாமல் போவதோ அதன் முதன்மையான அடையாளம். அதனோடு தூக்கம், பசி, கவனம், உடற்பலம் என்று ஒவ்வொன்றாகக் குலையும். தன்னால் எல்லோருக்கும் கரைச்சல் என்ற எண்ணமும், சிலருக்குச் சாவைப் பற்றிய எண்ணமும் வரும்.

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் ஓர் அம்மா பல மாதங்கள் இப்படி இருந்தார். விடியுமுன்பே விழித்து, குசினியில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பார். ஊற்றி வைத்த தேத்தண்ணீர் ஆடை படர்ந்து ஆறிக் கிடக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவர் தலை வாருவதையே விட்டிருந்தார். “அவவுக்கு மன அழுத்தமாம், கதிர்காமத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தால் சரியாகிவிடும்” என்று வீட்டார் சொன்னார்கள். அவர்களுக்குப் பாசத்தில் குறைவில்லை. ஆனால் கையிலிருந்த சொல் சொன்னது அவ்வளவுதான். அதில் நோய் என்ற செய்தியே இருக்கவில்லை.

இந்த மயக்கத்துக்கு ஆங்கிலச் சொல்லின் மூலமும் காரணமாகலாம். கீழே அழுத்துதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் அது. வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கத்துக்கும், 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தத்துக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அங்கெல்லாம் மூலத்தைப் பாராமல் பொருளைப் பார்த்துத் தமிழ் கண்ட நாம், மனத்தின் நோய்க்கு மட்டும் மூலத்தை அப்படியே பிடித்து ‘அழுத்தம்’ என்று எழுதிவிட்டோம் போலும்.

கொழும்பில் இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் தமிழ் நோயாளியின் கதையைப் பல வேளைகளில் கூடச் சென்ற உறவினர்தான் சிங்களத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. சிங்களத்தில் ஸ்ட்ரெஸ்சுக்கு ‘ஆததிய’, டிப்ரஷனுக்கு ‘விஷாதய’ என்று இரண்டு தெளிவான சொற்கள் இருக்கின்றன. ‘மன அழுத்தம்’ என்றே கேட்டுப் பழகியவர் எதைச் சொல்வார்? பெரும்பாலும் ஆததிய என்றுதான் சொல்வார். இத்தனைக்கும் விஷாதம் நமக்குப் புதிய சொல்லும் அல்ல; கீதையின் முதல் அத்தியாயத்துக்கே அருச்சுன விஷாத யோகம் என்றுதான் பெயர்.

மறுபக்கத்தில், இளம் பிள்ளைகள் கிரிக்கெட்டில் தோற்றாலும் காலி வீதியில் பஸ் நெரிசலில் நின்றாலும் ‘டிப்ரஷனாக இருக்கு’ என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் எல்லாக் கவலைக்கும் நோயின் பெயரைக் கொடுத்தால், உண்மையாகவே நோயுற்றவர் அதைச் சொல்லும்போது கேட்பவர் காதில் ஏறாது. கவலை, ஏக்கம், சஞ்சலம், விரக்தி, துயரம் என்று அளவுக்கும் தன்மைக்கும் ஏற்ற சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. துக்கம் என்றால் இழப்பின் வேதனை. துக்கம் விசாரிக்கப் போவதும், எட்டுச்செலவும், 31 ஆம் நாள் அந்தியேட்டியும் அந்த வேதனைக்கு ஊர் கூடி இடம் கொடுக்கும் முறைகள். அது இயல்பானது. அதே வேளை, துக்கத்தில் இருப்பவருக்கு இந்த நோயும் சேர்ந்து வரக்கூடும். 2013 இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தனது நோயறி கைநூலைத் திருத்தியபோது, அண்மையில் உறவைப் பறிகொடுத்தவர்களை இந்நோயறிதலிலிருந்து விலக்கி வைத்திருந்த விதியை நீக்கியது. துக்கத்தையே நோயாக்கிவிட்டார்கள் என்று அப்போது எழுந்த எதிர்ப்பிலும் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம்.

ஆகவே தங்கள் பத்திரிகையிலாவது நோய்க்கு ‘மனச்சோர்வு நோய்’ என்றும், ஸ்ட்ரெஸ்சுக்கு மட்டும் ‘மன அழுத்தம்’ என்றும் ஒரே சீராக எழுதுமாறு வேண்டுகிறேன். ‘நோய்’ என்பதைச் சேர்க்கச் சொல்வது, சோர்வை அலுப்பு என்று கொள்பவர்களும் இருப்பதால்தான். உளவளத்துணையாலும் மருந்தாலும் இதற்குச் சிகிச்சை உண்டு என்பதையும், மருந்தின் பலன் தெரியச் சில வாரங்கள் எடுக்கும் என்பதால் இடையில் நிறுத்திவிடக் கூடாது என்பதையும் இத்தகைய கட்டுரைகளில் சேர்த்தால் நல்லது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் கட்டுரையின் அடியில் அச்சிடுங்கள். அந்த நிறுவகம் இருக்கும் அங்கொடை என்ற ஊரின் பெயரை வசைச்சொல்லாகவே கேட்டு வளர்ந்த நம்மவர் பலருக்கு, நேரில் போவதைவிடத் தொலைபேசியில் பேசுவது இலகுவாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.