தண்ணீரிலேயே மீன்

ட்சுகுபா, ஜப்பான்
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கோமு,

ஏழு மாதம் பதில் போடாமல் இருந்ததற்குத் திட்டுவதை எல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி. அத்தைக்கு முட்டுவலி தேவலையா? அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேச போட்டோ வந்தது. தூணுக்கு அடித்திருக்கும் அந்தப் பச்சையைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம்.

உன் பாப்பாவுக்கு இங்கே படிக்க இடம் கிடைத்த சேதி படித்ததும் கை கால் ஓடவில்லை. நீ என்னடி என்றால் "மார்ச் கடைசியில் வருகிறாள், அங்கே சைவம் கிடைக்கும்தானே?" என்று ஒரே வரியில் கேட்டு முடித்துவிட்டாய். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை பக்கம். பாப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

காய்கறிக்கு இங்கே பஞ்சமில்லை. வெண்டைக்காய்க்குப் பெயரே 'ஒகுரா'. கோடையில் பாகற்காய் வரும். பரங்கி, கத்தரி, முள்ளங்கி எப்போதும் உண்டு. 'சதோய்மோ' என்று விற்பது நம் சேப்பங்கிழங்கேதான். சிக்கல் காயில் இல்லை, அதை வேகவைக்கிற தண்ணீரில் இருக்கிறது. அந்தத் தண்ணீருக்குப் பெயர் தாஷி. சூரை மீனை வேகவைத்து, புகையில் காட்டி, மரக்கட்டை மாதிரி காயவைத்து, சீவி எடுத்தால் 'கத்சுவோபுஷி'. இலங்கைக்காரர்கள் சம்பலில் இடித்துப் போடும் மாசிக் கருவாட்டுக்கு இது கூடப்பிறந்தது மாதிரி. அந்தச் சீவலை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் பொன்னிறத்தில் தெளிவாக ஒரு சாறு இறங்கும். மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், உடோன், சோபா நூடுல்ஸ், கீரைக் கூட்டு, தெம்புரா என்ற காய்கறி பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் தண்ணிச் சட்னி எல்லாவற்றுக்கும் அடி அதுதான். மீன் கண்ணுக்குத் தெரியாது, வாடையும் லேசுதான். சமைக்கிறவருக்கு அது மீன் என்றே தோன்றாது, நமக்கு ரசத்தில் பருப்புத் தண்ணீர் மாதிரி. அதனால் "மீன் இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார். மனதாரத்தான் சொல்வார், பொய் இல்லை.

"வெஜிடேரியன் என்று சொன்னால் போதாதா?" என்று பாப்பா கேட்பாள். போதாது. அந்தச் சொல்லைக் கேட்டால் பலர் காய்கறியை விரும்பிச் சாப்பிடுகிறவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பொருளைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "நிக்கு தோ, சகானா தோ, சகானா நோ தாஷி கா தபேராரேமசேன்." இறைச்சி, மீன், மீன்சாறு மூன்றும் சாப்பிட முடியாது என்று அர்த்தம். விமானம் ஏறுவதற்குள் இதை மனப்பாடம் பண்ணட்டும். ஜப்பானிய எழுத்தில் அச்சடித்து, பர்ஸில் வைக்கும் அளவில் ஒரு அட்டையும் எடுத்து வை. சுலபமாக இருக்கட்டும் என்று "அலர்ஜி" என்று மட்டும் சொல்ல வேண்டாம். இங்கே அந்தச் சொல்லுக்கு மரியாதை அதிகம். ஒரே எண்ணெய், ஒரே கரண்டி என்று யோசித்துப் பயந்து, எதுவுமே தர முடியாது என்று கையைக் கூப்பிவிடுவார்கள்.

பாக்கெட் உணவுக்கு வருகிறேன். இதில்தான் படித்த பிள்ளைகளும் ஏமாறுகிறார்கள். பின்பக்கம் அலர்ஜிப் பொருள்கள் தனியாகப் போட்டிருக்கும். கோதுமை, பால், முட்டை, வேர்க்கடலை, இறால், நண்டு மாதிரியானவற்றைப் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். அதில் மீன் இல்லை என்று பார்த்துவிட்டு வாங்கிவிடுவார்கள். சூரை மீன் அந்தப் பட்டியலிலேயே கிடையாது! பார்க்க வேண்டியது மூலப்பொருள் வரிசை. எடை அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில், பிறகு ஒரு சாய்கோடு, அதற்கப்புறம் ரசாயனச் சேர்மானங்கள். சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் 'கத்சுவோ எக்கிசு', 'சிக்கன் எக்கிசு', 'போர்க் எக்கிசு' என்று ஒளிந்திருக்கும். எக்கிசு என்றால் சாறு. கைபேசி கேமரா மொழிபெயர்த்துத் தரும், ஆனால் சுருங்கிய பிளாஸ்டிக் உறையில் தடுமாறும். இரண்டு எழுத்தாவது கண்ணுக்குப் பழகட்டும். இறைச்சி என்பது கீழே திறந்த ஒரு சட்டம், அதற்குள் கூரை மாதிரி சரிந்த கோடுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு முறை. மீன் என்பது மேலே சின்னக் கொக்கி, நடுவில் நான்கு கண்ணாடி வைத்த ஜன்னல், அடியில் வரிசையாக நான்கு புள்ளி. மீன்களின் பெயர்கள் பலவற்றில் இந்த ஜன்னலும் புள்ளிகளும் இடது பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எதிர்பாராத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். 'கரே' என்ற மசாலாக் குழம்புக்குக் கடையில் விற்கும் கட்டிகளில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ உண்டு. கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாயில் இறால் அல்லது மீன் சாறு சேரும். ஊறவைத்த உமேபோஷிப் பழத்தில்கூட சில வகைகளில் கத்சுவோ கலப்பார்கள். கோகோ இச்சிபான்யா என்ற 'கரே' கடையில் சாதாரணக் காய்கறி 'கரே' வாங்கினால் குழம்பு பன்றி அடிப்படைதான். விலங்குப் பொருளே சேர்க்காத குழம்பு அங்கே தனியாக ஒன்று உண்டு, அதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இதெல்லாம் ஏன் இப்படி என்று உனக்குக் கேட்கத் தோன்றும், வேதியியல் டீச்சரிடம் அத்தனை கேள்வி கேட்டவள்தானே நீ. 1908-இல் இகேதா கிகுனாயே என்ற பேராசிரியர் கொன்பு என்ற கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட் என்ற சுவைப்பொருளைப் பிரித்து, அது தரும் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். 1913-இல் அவருடைய மாணவர் கொதாமா, கத்சுவோபுஷியில் இருப்பது இனோசினேட் என்ற இன்னொரு சுவைப்பொருள் என்று கண்டார். இரண்டும் சேர்ந்தால் சுவை கூடுவதில்லை, பெருகுகிறது. அதனால்தான் இவர்களால் மீனை விட முடியவில்லை. உலர்ந்த ஷீட்டாக்கே காளானில் இருக்கும் குவானிலேட்டும் அதே வேலையைச் செய்யும். புத்த மடங்களின் 'ஷோஜின்' சைவச் சமையல் நிற்பது அதன் மேல்தான். ரசத்தில் நீ தக்காளியைப் பிசைந்து விடுகிறாயே, அதிலும் குளுட்டமேட்தான்.

ஆகவே மிசோ சூப்பை பாப்பா விட்டுவிட வேண்டியதில்லை. 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொன்பு, இரண்டு உலர்ந்த ஷீட்டாக்கே போட்டு இரவு ஃபிரிட்ஜில் வைக்கட்டும். கொன்பின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சை இல்லை, கழுவ வேண்டாம், துடைத்தால் போதும். காலையில் சிறு தீயில் வைத்து, ஓரத்தில் குமிழி கட்டும்போதே கொன்பை எடுத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் கொழகொழவென்று கசப்பு இறங்கும். தோஃபு (சோயாப் பன்னீர்), கீரை எது வேண்டுமோ வேகவைத்து, அடுப்பை அணைத்த பிறகு ஒரு கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக மிசோவைக் கரண்டியில் கரைத்து விட வேண்டும். மிசோ போட்டபின் கொதித்தால் வாசனை போய்விடும். மிசோ வாங்கும்போது 'தாஷி இரி' என்றிருந்தால் அதில் மீன் ஏற்கெனவே கலந்திருக்கும். சோயா, அரிசி, உப்பு மட்டும் போட்டதாகப் பார்த்து வாங்கட்டும்.

வயிற்றுக்குப் பலம் தருவது சோயாதான். நாத்தோ என்பது புளிக்கவைத்த சோயா, மூன்று டப்பா சுமார் 100 யென். ஒரு டப்பாவில் ஏழெட்டு கிராம் புரதம். நூல் நூலாக இழுக்கும், வாடை அடிக்கும், முதல் தடவை யாருக்கும் பிடிக்காது. டப்பாவுக்குள் வரும் சாஸ் பாக்கெட்டில் பெரும்பாலும் கத்சுவோ இருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடுகு பாக்கெட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். சல்லடையில் தண்ணீர் விட்டு அலசினால் கொழகொழப்புப் பாதி போகும். தயிர்சாதத்தில் போட்டால் சுண்டல் மாதிரிதான். தோஃபுவில் 'மோமென்' என்பது கெட்டி, பொரியலுக்கு ஆகும். ஒரு தட்டைக் கவிழ்த்து மேலே கனம் வைத்து இருபது நிமிடம் பிழிந்தால் உடையாது. 'கினு' வழுவழு, வதக்கினால் கரைந்துவிடும். முளைகட்டிய பயறு, 'மோயாஷி', 200 கிராம் முப்பது நாற்பது யென்னுக்கு வரும். மாதக் கடைசியில் பிள்ளைகளைக் காப்பாற்றுவது அதுதான்.

அரிசி. நீ 20 கிலோ பொன்னி கட்டப்போகிறாயாமே, குற்றாலம் டூர் மாதிரி? இறக்கி வை! அரிசி கொண்டுவரப் பயிர்நோய் இல்லை என்ற சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். சோனா மசூரி, உளுந்து, பெருங்காயம் எல்லாம் டோக்கியோவில் நிஷி-கசாய், ஷின்-ஓகுபோ கடைகளில் கிடைக்கும். இங்கிருந்து அகிஹபாராவுக்கு ரயிலில் 45 நிமிடம், அங்கிருந்து மாறிப் போகலாம். இவர்கள் அரிசியும் மலிவில்லை. இரண்டாயிரம் சொச்சம் இருந்த 5 கிலோ பை 2025-இல் 4,000 யென்னைத் தாண்டியது. அதைச் சமைப்பதும் வேறு மாதிரி. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி, ஏறத்தாழ 150 கிராம் அரிசி. அதற்கு 200 மில்லி தண்ணீர்தான். நம் கணக்கில் ஒன்றுக்கு இரண்டரை ஊற்றினால் களியாகிவிடும். அரை மணி ஊறவைத்து, வெந்தபின் பத்து நிமிடம் மூடியே வைக்கட்டும். சாம்பாருக்கு இந்தச் சாதம் உருண்டை உருண்டையாக நிற்கும், பிசையாது. தயிர்சாதத்துக்கோ இதைவிட நல்ல அரிசி கிடையாது.

தயிர் உறைய வைப்பதில் எல்லாருக்கும் ஒரே தப்பு நடக்கிறது. குளிராக இருக்கிறதே என்று ரைஸ் குக்கரின் சூடுகாக்கும் பட்டனில் வைத்துவிடுகிறார்கள். அது 60, 70 டிகிரி, உறை செத்துப் பால் திரிந்துவிடும். பாலை விரல் பொறுக்கும் சூட்டுக்கு, 42 டிகிரி வாக்கில் கொண்டுவந்து, சாதாரண பிளெய்ன் யோகர்ட் லிட்டருக்கு இரண்டு கரண்டி கலந்து, முன்பே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வடித்த வாயகன்ற பிளாஸ்கில் மூடி வைத்தால் எட்டு மணி நேரத்தில் கட்டித் தயிர். 'காஸ்பிகாய்' என்று விற்கும் வகை அறைச் சூட்டிலேயே உறையும், ஆனால் இழுக்கும்.

மிக்ஸியும் வேண்டாம். இங்கே 100 வோல்ட். நம் 230 வோல்ட் மோட்டார் திணறும், உளுந்து அரைக்கப் போனால் சூடேறி நின்றுவிடும். விடுதியில் பெரும்பாலும் இண்டக்‌ஷன் அடுப்பு, அலுமினியக் குக்கர் அதில் சூடே ஆகாது. குக்கரின் அடியில் காந்தத்தை வைத்துப் பார், ஒட்டினால் கட்டு. மசாலாப் பொடிகளை மட்டும் தாராளமாகக் கொடுத்து விடு. தாளிக்கும்போது மூடி போட்டு, காற்றாடியைப் போட்டுவிட்டுத் தாளிக்கச் சொல். கடுகுப் புகைக்குப் புகைமணி அடித்தால் மொத்த விடுதியும் வாசலில் வந்து நிற்கும்.

பழக்கவழக்கம் நாலே விஷயம். கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடலாம், தட்டைத் தூக்கக் கூடாது. சாதத்தில் சாப்பிடும் குச்சியை நட்டு வைக்கக் கூடாது, அது செத்தவர்களுக்குப் படைக்கும் முறை. குச்சியிலிருந்து குச்சிக்கு எதையும் மாற்றக் கூடாது, எரித்தபின் எலும்பு எடுப்பது அப்படித்தான். மிச்சம் வைப்பது பிடிக்காது, அதனால் கேன்டீனில் சின்ன அளவு சாதம் கேட்டு வாங்கட்டும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. கோமு, இதைச் சிரிக்காமல் படி.

ஏப்ரலில் ஆய்வகத்தில் புதியவர்களுக்கு வரவேற்பு விருந்து வைப்பார்கள். ஆளுக்கு மூவாயிரம், நாலாயிரம் யென், சமமாகப் பங்கு. நடுவில் ஒரே சட்டி கொதிக்கும், எல்லாரும் அதிலிருந்து எடுப்பார்கள். சைவப் பிள்ளைக்கு வேகவைத்த சோயாக் காயும் உருளை வறுவலும்தான் மிஞ்சும், காசு அதே காசு. இரண்டு தடவை அப்படி உட்கார்ந்தபின் மூன்றாம் தடவை தலைவலி என்று சொல்லிவிடும். பிறகு மதியக் கேன்டீனுக்கும் போகாது. அறையில் ரொட்டி, வாழைப்பழம், காபி. ஜூன் மழை தொடங்குவதற்குள் முகம் வற்றிவிடும். வீடியோவில் நீ "சாப்பிட்டியா?" என்பாய், "சாப்பிட்டேம்மா" என்பாள். இங்கே வருகிற பிள்ளைகளிடம் வருஷா வருஷம் இதைப் பார்க்கிறேன். அவர்களை வாட்டுவது பசியைவிடக் கூச்சம்தான்.

இதற்கு வழி, தன் கோடு எது என்று பாப்பா புறப்படும் முன்பே முடிவு செய்துவிடுவது. துண்டாக மீன் இல்லாமல் சாறு மட்டும் இருந்தால் பரவாயில்லையா, சாறும் கூடாதா, முட்டை உண்டா, ரொட்டியில் கொழுப்பு இருந்தால் என்ன. சாறு பரவாயில்லை என்றால் வெளியே பாதி உணவு திறந்துவிடும். சாறும் கூடாது என்றால் அதுவும் முடியும், ஆனால் தினம் ஒருவேளையாவது சொந்தச் சமையல் கட்டாயம். எது முடிவானாலும் வாழலாம். முடிவு செய்யாமல் வந்து ஒவ்வொரு தட்டின் முன்னாலும் குற்ற உணர்ச்சியோடு உட்காருவதுதான் ஆளைத் தின்றுவிடும். முடிவை அவள் எடுக்கட்டும். நீ இல்லை, அத்தையும் இல்லை. எடுத்தபின் போனில் குடையாதே. நீ குடைவாய், எனக்குத் தெரியும்.

முடிவானதும், விருந்துக்கு நாலைந்து நாள் முன்பே ஏற்பாடு செய்யும் மாணவரிடம் எழுத்தில் சொல்லிவிடட்டும். அவருக்குப் பெயர் 'கான்ஜி'. முன்கூட்டிச் சொன்னால் இவர்கள் மெனக்கெட்டுக் கடையை மாற்றுவார்கள், தனித்தட்டு சொல்லி வைப்பார்கள். அங்கே போய் உட்கார்ந்தபின் சொன்னால் எல்லாருக்கும் சங்கடம். ஆய்வகத்தில் இந்தோனேசிய, வங்கதேசப் பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு சேர்ந்து சொல்லட்டும். ஹலாலும் சைவமும் ஒன்றில்லை, ஆனால் மூலப்பொருள் படிக்கும் பழக்கம் அவர்களுக்கு நன்றாக உண்டு, மளிகையும் சேர்ந்து வாங்கலாம்.

விமான நேரம் தெரிந்ததும் அனுப்பு, பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். முதல் வாரம் குக்கர், பிளாஸ்க், கொன்பு எல்லாம் நானே கூட்டிப்போய் வாங்கித் தருகிறேன். எனக்கு வேறொன்றும் வேண்டாம். அத்தை கையால் இடித்த பருப்புப் பொடி கால் கிலோ, அவ்வளவுதான். பூண்டு போட்டது.

உன்
ராஜி