நவம்பர் வேண்டாம், கயல்

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய திட்டத்தை இரண்டு முறை படித்தேன். சிட்னியிலிருந்து கான்பெரா நாடாளுமன்றம் வரை எட்டுப் பேர் மாறி மாறி ஓடுகிறீர்கள். சுமார் 300 கிலோமீட்டர், மூன்று நாள். ஆம்புலன்ஸிலிருந்து நீங்கள் இரண்டு பேர், காட்டுத்தீயை அணைக்கும் ஆர்.எஃப்.எஸ். (ஊரகத் தீயணைப்புப் படை) தன்னார்வலர்கள் நாலு பேர், வெள்ள மீட்புக்குப் போகிற எஸ்.இ.எஸ். (மாநில அவசரச் சேவை) ஆட்கள் இரண்டு பேர். பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஊர் ஊராய்ப் போய்ச் சொல்ல உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும். அதனால்தான் திட்டத்தில் இருக்கும் ஓட்டைகளை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் ஓட்டை தேதி. நவம்பர் என்று போட்டிருக்கிறாய். நியூ சவுத் வேல்ஸில் சட்டப்படி தீ அபாயக் காலம் அக்டோபர் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. அதற்குள் ஓடினால் உங்கள் நாலு ஆர்.எஃப்.எஸ். ஆட்களில் யாருடைய பேஜர் எப்போது அடிக்கும் என்று சொல்ல முடியாது. சரி, ஏப்ரல், மே என்று தள்ளினால்? குளிருக்கு முன் காய்ந்த சருகையும் புதரையும் திட்டமிட்டு எரிப்பது அந்த மாதங்களில்தான். காற்றில்லாத காலைகளில் அந்தப் புகை பள்ளத்தாக்கிலேயே தேங்கி நிற்கும். தவிர, மே மாதத்தில் பகல் வெளிச்சம் பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் அதிகம். நாளைக்குப் பதினொரு மணி நேரத்துக்கு மேல் போகும் உங்கள் ஓட்டக் கணக்குக்குப் பற்றாது.

செப்டம்பர் இரண்டாவது வாரம் பாருங்கள். வெளிச்சம் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். ஆனால் அதுவும் உறுதியில்லை. 2019-இல் பல வட்டாரங்களில் தீ அபாயக் காலத்தை ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டார்கள். நன்றாக யோசித்துப் பார்: தீக்கும் வெள்ளத்துக்கும் ஓடுகிற எட்டுப் பேர் சேர்ந்து ஓட வருஷத்தில் மூன்று நாள் தேடினால் அகப்படமாட்டேன் என்கிறது. நீங்கள் மேடையில் சொல்ல வேண்டிய முதல் செய்தியே இதுதான். கலிபோர்னியாவின் தீக்காலமும் ஆஸ்திரேலியாவின் தீக்காலமும் நீண்டு ஒன்றோடொன்று முட்டுவதால், இரு நாடுகளும் தண்ணீர் ஊற்றும் பெரிய விமானங்களைப் பகிர்ந்துகொள்வதே சிக்கலாகிவிட்டது. எந்த வரைபடமும் காட்டாமல் உங்கள் காலண்டரைக் காட்டினாலே ஜனங்களுக்குப் புரியும்.

அடுத்தது தூரக் கணக்கு. ஒரு சுற்று 10 கிலோமீட்டர் என்றால் மொத்தம் முப்பது சுற்று. ஆறு பேர் நாலு சுற்று, இரண்டு பேர் மூன்று சுற்று. கிலோமீட்டருக்கு ஆறரை நிமிஷம் என்று வைத்தால் ஒரு சுற்று 65 நிமிஷம், ஆள் மாற 3 நிமிஷம். ஒரு நாளைக்குப் பத்துச் சுற்றுக்குப் பதினொன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அதற்காக யாராவது வேகமாக ஓடி நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். முதல் நாள் அப்படி ஓடியவர் மூன்றாம் நாள் நொண்டுவார்.

கேம்டனுக்கும் பிக்டனுக்கும் நடுவே இருக்கும் ரேஸர்பேக் மலையை நினைத்துத்தான் நான் பயப்படுகிறேன். ஏற்றத்தைப் பற்றி அல்ல, இறக்கத்தைப் பற்றி. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. நார்கள் நுணுக்கமாகக் கிழிகின்றன. வலி அப்போது தெரியாது, 24 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அதாவது கோல்பர்ன் பக்கம் வரும்போது. அந்தச் சுற்றை இறக்கத்தில் பயிற்சி எடுத்தவருக்கே கொடுங்கள். எட்டு வாரம் முன்பிருந்தே வாரம் ஒரு முறை, குட்டிக் குட்டி அடி வைத்து, குதிகாலை முன்னே எறியாமல், மெதுவாக இறங்கிப் பழகச் சொல். 1983-இல் சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு 875 கிலோமீட்டர் ஓடி ஜெயித்த உருளைக்கிழங்கு விவசாயி கிளிஃப் யங்குக்கு வயது 61. காலைத் தரையை விட்டு அதிகம் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து ஓடினார். பார்க்க அழகில்லை, ஆனால் சக்தி வீணாகாது.

நெடுஞ்சாலையில் ஓட நினைக்காதீர்கள். ஹியூம் மோட்டார்வேயில் காலால் போக அனுமதியும் இல்லை. பிக்டன், டமூர், பார்கோ வழியாகப் பழைய சாலையிலேயே மிட்டகாங் வரை ஏறலாம். கோல்பர்னுக்கு அப்புறம் லேக் ஜார்ஜ் ஓரமாகப் போகும் ஃபெடரல் ஹைவேயில் லாரிகள் 100 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். டரேகோ, பங்கன்டோர் வழி போங்கள். இந்த வழியில் இன்னொரு லாபம், ரயில் பாதையும் கூடவே வருகிறது. ஓடி முடித்தவர்கள் ரயிலில் முன்னே போய்விட்டால் ஒரு வேன் போதும். பருவநிலைக்காக ஓடுகிறவர்கள் பின்னால் நாலு டீசல் வண்டி வந்தால் நன்றாகவா இருக்கும்? கோல்பர்ன் தாண்டினால் ரயில்கள் மிகக் குறைவு, நேர அட்டவணையைப் பார்த்துச் சுற்றுகளை அடுக்கு.

வேன் ஓட்டுகிறவர் ஓடவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம், ரத்தத்தில் 0.05 அளவு மது இருப்பவரின் கவனத்துக்குச் சமம் என்று சோதித்தே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மாநிலத்தில் போலீஸ் பிடிக்கும் அளவும் அதுதான். நைட் ஷிஃப்ட் முடித்த யாருக்கும் முழு 48 மணி நேரம் கழித்தே முதல் சுற்று. ஷிஃப்ட் வேலைக்காரர்கள் "எங்களுக்குப் பழக்கந்தான்" என்பார்கள், நீயும் என்பாய். பழகியதாகத் தோன்றுமே தவிர, கவனம் குறைவது குறையத்தான் செய்யும்.

தண்ணீர் விஷயம் உனக்குத் தெரியும், ஆனால் வேனில் உட்கார்ந்திருக்கப் போவது நீ இல்லை. ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டு. தாகத்துக்குக் குடிக்க வேண்டும், மணிக்கு 400 முதல் 800 மில்லி வரை. ஒரு எடை மெஷின் வேனில் இருக்கட்டும். சுற்றுக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து எழுதுங்கள். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறார், ரத்தத்தில் உப்பு இறங்குகிறது என்று பொருள். அவர் தலைவலி, குமட்டல், குழப்பம் என்றால் இன்னொரு பாட்டிலை நீட்டவே கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

தீயணைப்பு வீரர்கள் மஞ்சள் உடையும் ஹெல்மெட்டும் போட்டு முழுத் தூரமும் ஓடுவதாக எழுதியிருக்கிறாய். படத்துக்கு நன்றாக இருக்கும். உடம்புக்கு ஆகாது. வெளிச்சூட்டைத் தடுக்கிற துணி உள்சூட்டையும் வெளியே விடாது, வியர்வை ஆவியாக வழியில்லை. கடைசி ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் போடட்டும். கைமாற்றி ஓடும் உங்கள் பேட்டனும் அப்படியே. தண்ணீர் பீய்ச்சும் ஹோஸின் முனையான பித்தளை பிராஞ்சை ஒரு கையில் தூக்கி ஓடினால் தோள் சாய்ந்து, இடுப்பு சாய்ந்து, ஐந்தாம் கிலோமீட்டரில் முட்டி பேசும். பழைய கான்வாஸ் ஹோஸில் ஒரு சாண் வெட்டி எடு. அதில் கரி படிந்த துண்டாகப் பார்த்து எடு. கழுவ வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் அதைத் தொட்டு முகர்ந்து பார்க்கட்டும்.

காற்றுக்கும் ஒரு வரம்பு வையுங்கள். அரசின் தளத்தில் அந்த மணி நேரத்து பிஎம் 2.5 (காற்றிலுள்ள நுண்துகள்) அளவு 50-ஐத் தாண்டினால் அந்தச் சுற்று வேனில் போகட்டும். ஓடும்போது சும்மா இருப்பதைப் போலப் பல மடங்கு காற்றை இழுக்கிறோம். முகமூடி போட்டு ஓடிச் சமாளிக்க முடியாது.

பேச்சைச் சுருக்கமாக வையுங்கள், ஊருக்கு மூன்று நிமிஷம். டமூரில் நின்றால் தென்மேற்கே கொஞ்ச தூரத்தில் பக்ஸ்டன். 2019 டிசம்பர் 19-ஆம் தேதி இரவு, மரம் விழுந்து வண்டி கவிழ்ந்து இரண்டு தன்னார்வலர்கள் செத்தது அங்கேதான். இருவருக்கும் சின்னக் குழந்தைகள். அந்த ஊர்க்காரர்களிடம் நீங்கள் தீயைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டாம், ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போங்கள். மிட்டகாங்கிலோ கோல்பர்னிலோ எண்களைச் சொல்லலாம். அந்தக் கோடையில் தீயில் நேரடியாக இறந்தவர்கள் 33 பேர். புகையால் கூடுதலாக இறந்தவர்கள் 417 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எஸ்.இ.எஸ். ஆட்கள் வெள்ளத்தில் மூழ்கிய லிஸ்மோர் ஊரைச் சொல்லட்டும்: 2022 பிப்ரவரி 28-இல் ஆற்றின் மட்டம் 14.4 மீட்டரைத் தொட்டது, பழைய உச்சத்தைவிட 2 மீட்டருக்கு மேல். ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரம் தாங்கும் என்பதை அங்கே சேர்த்துச் சொன்னால் ஒட்டும். "எல்லாத் தீக்கும் பருவநிலைதான் காரணம்" என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். அந்தக் கோடையைப் போன்ற தீ வானிலை வருவதற்கான வாய்ப்பு குறைந்தது 30 சதவீதம் கூடியிருக்கிறது என்பதே ஆய்வு சொன்னது. அது போதும்.

சீருடை, லோகோ எதையும் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் போடாதீர்கள். 2019-இல் கிரெக் மல்லின்ஸும் மற்ற முன்னாள் தீயணைப்புத் தலைவர்களும் ஓய்வுக்குப் பிறகு சேர்ந்து பேசியது ஏன் என்று உனக்குத் தெரியும். வேலையில் இருக்கும்போது வாய் திறப்பது சுலபமில்லை. உன் வேலைக்கு ஒன்றும் ஆகக் கூடாது, கயல். அனுமதி வராவிட்டால் வெறும் டி-ஷர்ட்.

ஷூ அரை அளவு பெரிதாக வாங்கு, இப்போதே. நகம் கறுக்கும் உன் பெருவிரலுக்கு முதல் சுற்றுக்கு முன்பே டேப் ஒட்டிவிடு, கொப்புளம் வந்த பின் ஒட்டிப் பயனில்லை. மாற்றுச் சாக்ஸ் ஆளுக்கு நாலு ஜோடி.

புதிய தேதியைப் போட்டுச் சுற்று அட்டவணையைத் திரும்ப அனுப்பு. சனிக்கிழமை நைட் முடித்ததும் தூங்கு, ஞாயிறு மத்தியானம் பேசலாம். அம்மா கேட்கச் சொன்னாள், செப்டம்பரில் கோல்பர்னில் காலைக் குளிர் எப்படி என்று. கையுறை அனுப்பட்டுமா?

அன்புடன்,
அப்பா