ஸ்டோக் காங்ரியை மூடியது இழப்பு இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த லடாக் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நிம்மு அருகே சிந்து ஆறும் ஸன்ஸ்கார் ஆறும் இரண்டு நிறமாக வந்து சேரும் இடத்தின் படம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ரப்பர் படகில் ஸன்ஸ்காரில் வந்ததைக் கட்டுரையாளர் எழுதியிருந்த விதம் அருமை. ஆனால் ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஸ்டோக் காங்ரி சிகரத்தை மூடிவிட்டது மலையேறுகிறவர்களுக்குப் பெரிய இழப்பு என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டார். அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அந்தச் சிகரத்தில் ஏறியவள். 2013 ஜூலையில் தோழிகள் நாலு பேராகப் போனோம். உயரம் 6,153 மீட்டர். இவ்வளவு உயரமான மலை என்றாலும் செங்குத்துப் பாறையில் கயிறு போட்டுத் தொங்க வேண்டியதில்லை. உடம்பு அந்த உயரத்துக்குப் பழகி, கால் ஒத்துழைத்தால் எங்களைப் போன்றவர்களும் ஏறிவிடலாம். அதனால்தான் அங்கே அவ்வளவு கூட்டம். சுமார் 5,000 மீட்டரில் அடிவார முகாம். நடு இரவில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பி, இருட்டிலேயே, சரிவில் உறைந்து கிடக்கும் பனியாற்றைக் கடந்து, விடியும் நேரத்துக்கு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். கீழே சிந்துப் பள்ளத்தாக்கும் அக்கரையில் லே நகரமும் தெரிந்தன. நான் அழுதுவிட்டேன். அந்தக் காலையை என்னிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. ஆகவே, இனி ஏற முடியாது என்று கேள்விப்படுகிறவர்களின் ஏமாற்றம் எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் இறங்கி வரும்போது பகல் வெளிச்சத்தில் பார்த்தது வேறு. முகாமை ஒட்டி ஓடை. ஓடையிலிருந்து பத்தடி தள்ளிக் கழிப்பறைக் கூடாரங்கள். நூடுல்ஸ் உறைகள், டின்கள், காலியான எரிவாயுக் குப்பிகள். எங்கள் குழுவும் அங்கே குழி தோண்டித்தான் ஒதுங்கியது. அந்தக் குளிரில் எதுவும் சீக்கிரம் மக்காது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அந்த ஓடைதான் கீழே ஸ்டோக் ஊருக்குப் போகிறது என்பதும் தெரியாது. எங்களை அழைத்துப் போனவர்களும் சொல்லவில்லை.

இரண்டாவது முறை 2019 செப்டம்பரில் போனபோது மலை ஏறவில்லை. ஸ்டோக்கிலேயே ஒரு வீட்டில் ஐந்து நாள் தங்கினேன். அந்த வீட்டு அம்மாவை நாங்கள் 'அமா-லே' என்று கூப்பிட்டோம். அங்கே மரியாதையாக யாரைக் கூப்பிட்டாலும் கடைசியில் ஒரு 'லே' வரும். பார்லி அறுப்பு முடிந்து களம் நிறைந்திருந்த நேரம். சிகரம் ஏறியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு மலையைக் காட்டி ஏதோ சொன்னார். மகன் இந்தியில் மாற்றிச் சொன்னான்: "நாங்கள் குடிப்பது அதைத்தான்." அப்புறம் அவனே சொன்னான், முகாமில் கூட்டம் அதிகமாக இருக்கும் மாதங்களில் ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவும் தயக்கமாக இருக்கிறது என்று. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்த ஆண்டே, 2020-இல், சிகரத்தை மூடினார்கள். இது எங்கோ உட்கார்ந்திருக்கும் அதிகாரி போட்ட உத்தரவு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஊர்க்காரர்களே எடுத்த முடிவு, லடாக்கின் சுற்றுலா நடத்துநர்கள் சங்கமும் கூடவே நின்றது. குதிரையில் சுமை ஏற்றுபவர்கள், வழிகாட்டிகள், வீட்டில் விருந்தினர் தங்கவைப்பவர்கள் என்று அந்த மலையால் பிழைத்தவர்கள்தான் அதை மூடச் சொன்னார்கள். தங்கள் வருமானத்தைத் தாங்களே நிறுத்திக்கொண்டு தண்ணீரைக் காப்பாற்றப் பார்த்தவர்களின் முடிவை நாம் 'இழப்பு' என்று ஒற்றைச் சொல்லில் எழுதலாமா?

அங்கே தண்ணீர் என்றால் என்ன என்பதை வாசகர்களுக்குச் சொன்னால்தான் இது விளங்கும். பருவமழை மேகங்களை இமயமலை தெற்கிலேயே தடுத்துவிடுவதால் லே பகுதியில் ஆண்டு முழுவதற்கும் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான் மழையும் பனியும். சென்னையில் ஒரே நல்ல மழைநாளில் இதைவிட அதிகம் கொட்டிவிடும். நமக்குப் பனி என்றால் மார்கழி விடியல், வாசலில் கோலம். அவர்களுக்குப் பனிதான் ஏரி. குளிர்காலத்தில் சரிவுகளில் படிந்து கிடப்பது வசந்தத்தில் உருகி வாய்க்காலுக்கு வர வேண்டும். பயிர் ஆண்டுக்கு ஒன்றுதான். ஏப்ரல், மே மாதங்களில் விதைப்புக்குத் தண்ணீர் வேண்டும். உயரத்தில் உள்ள பனியாறுகளோ நல்ல வெயில் வந்து ஜூனுக்குப் பிறகுதான் தாராளமாக உருகும். இடைப்பட்ட அந்த இரண்டு மாதத்தைத் தாங்குவது கீழ்ச் சரிவுகளில் கிடக்கும் பனி. அது குறைந்தால் விதைப்பு தள்ளிப்போகும். தள்ளிப்போனால் பயிர் முற்றும் முன்னே குளிர் வந்துவிடும். குலும் என்ற சிற்றூரில் தண்ணீர் இல்லாமல் குடும்பங்கள் ஊரையே விட்டுப் போய்விட்டன.

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரி. என் மாமனார் எங்கள் கண்மாயில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்று முறை வைத்து மடை திறந்துவிடுவார். லடாக்கில் அதே வேலைக்கு 'சுர்பொன்' என்று பெயர். ஊர் நியமிக்கிறது. அவர் மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரமாக நடந்து ஒரு வயலை அடைத்து இன்னொன்றைத் திறந்துவிடுவதைப் பார்த்தபோது, எங்கள் வீட்டுத் திண்ணையில் இருப்பது போலவே இருந்தது. தண்ணீரை இப்படிக் கைக்கணக்கில் பங்கிடுகிற ஊரின் தலைமாட்டில்தான் நாங்கள் கூடாரம் போட்டிருந்தோம்.

அந்த மக்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை. சேவாங் நார்பெல் என்ற பொறியாளர் 1980-களிலேயே, குளிர்காலத்தில் வீணாக ஓடும் தண்ணீரை ஊருக்கு மேலே நிழலான சரிவுகளில் தடுத்து நிறுத்தி உறையவைத்தார். இயற்கைப் பனியாற்றைவிடத் தாழ்வான இடத்தில் இருப்பதால் அது முன்னதாகவே உருகி, விதைப்புக்குத் தண்ணீர் தந்தது. 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதையே சோனம் வாங்சுக் வேறு வடிவில் செய்தார். மேட்டிலிருந்து குழாயில் தண்ணீரைக் கொண்டுவந்தால், பம்பு இல்லாமலே, உயர வித்தியாசத்தின் அழுத்தத்தில் அது பீய்ச்சியடிக்கும். இரவுக் குளிரில் அப்படியே உறைந்து கூம்பாக எழும்பும். கூம்பில் பனியின் அளவோடு ஒப்பிட்டால் வெயில் படும் பரப்பு குறைவு. அதனால் மெதுவாக உருகும். பார்க்க பௌத்த ஸ்தூபி போல இருப்பதால் அதற்குப் 'பனி ஸ்தூபி' என்று பெயர். நம் கட்டுரையாளர் அதன் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படம்கூட உங்கள் இதழில் இருந்தது. அது எதற்காக என்று ஒரு வரி எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

2011 கணக்கெடுப்பில் லடாக்கின் மக்கள்தொகை 2.74 லட்சம். 2022-இல் மட்டும் அங்கே போன சுற்றுலாப் பயணிகள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் போவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, அதாவது வயலுக்குத் தண்ணீர் தேவைப்படும் அதே மாதங்களில். லே நகர விடுதிகளில் வெந்நீர்க் குளியலும் தண்ணீர் ஊற்றும் கழிப்பறையும் இல்லாவிட்டால் விருந்தினர்கள் முகம் சுளிக்கிறார்கள். அதற்காக ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள், லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள். லடாக்கியர் வீட்டுக் கழிப்பறையில் தண்ணீருக்கு வேலையே இல்லை. மேலே ஒரு அறை, நடுவில் துளை, பக்கத்தில் மண் குவியல். போய்விட்டு மண்ணைத் தள்ளிவிட வேண்டும். கீழ் அறையில் மக்கி, பிறகு வயலுக்கு எருவாகிறது. முதல் நாள் எனக்கும் தயக்கமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. நாற்றம்கூட இல்லை.

லடாக்குக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போக வேண்டும். லிக்கிரிலிருந்து தெமிஸ்காம் வரை ஊர் ஊராக நடந்து வீடுகளில் தங்கலாம். அந்தப் பணம் நேராக அந்தக் குடும்பங்களுக்கே போகிறது. படகில் போகலாம். ஆறு நிறைய ஓடுவது மலைமேல் பனி உருகுவதால்தான் என்பதைப் படகோட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குளிர்காலத்தில் போகிறவர்கள், குளங்கள் உறைந்ததும் பிள்ளைகள் அதன்மேல் ஐஸ் ஹாக்கி ஆடுவதைப் பார்க்கலாம். இந்தியப் பெண்கள் அணியில் பெரும்பாலோர் அந்த மண்ணின் பெண்கள்தான்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இனி இதுபோன்ற பயணக் கட்டுரை வரும்போது பக்கத்தில் ஒரு சிறு கட்டம் போடுங்கள். அந்த ஊர் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது, அது எங்கிருந்து வருகிறது, போகிறவர்கள் எதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று நாலு வரி போதும். அப்படி ஒரு கட்டத்தை 2013-இல் நான் படித்திருந்தால், அந்த முகாமில் எங்கள் குப்பையாவது இருந்திருக்காது.

கட்டுரையாளர் மறுபடி லடாக் போகப்போவதாக எழுதியிருந்தார். சரி, போகட்டும். இந்த முறை ஸ்டோக் ஊரிலேயே இரண்டு இரவு தங்கட்டும். அதிகாலையில் வாய்க்கால் ஓரமாக நடந்தால் மண்வெட்டியோடு சுர்பொன் வருவார். அவருக்கு 'ஜூலே' என்று அவர்கள் வணக்கத்தைச் சொல்லிவிட்டு, சிகரத்தை ஏன் மூடினார்கள் என்று அவரிடமே கேட்டு, அந்தப் பதிலை உங்கள் இதழில் எழுதட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
சிவகங்கை